சல்லடையும் சத்தியமும்

மருந்து இல்லாத இல்லம் இன்று அரிது. இரத்த அழுத்தத்திற்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, மூட்டு வலிக்கு ஒன்று என்று முதியோர் உள்ள வீடுகளில் மாத்திரை அட்டைகள் குவிந்து கிடக்கின்றன. காலையில் எழுந்து மாத்திரையை வாயிலிட்டுத் தண்ணீர் அருந்துகிறவர், "இது நன்மை செய்யும் என்று யார் சொன்னார்கள்? எதைக் கண்டு சொன்னார்கள்?" என்று கேட்பதில்லை. மருத்துவர் எழுதினார், கடைக்காரர் கொடுத்தார், நாம் உண்டோம் என்பதோடு அந்த விஷயம் முடிந்துவிடுகிறது.

ஆனால் அந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது. அந்த மருந்து சந்தைக்கு வருமுன்னர், முன்பின் அறியாத பல நூறு, சில வேளைகளில் பல ஆயிரம் மனிதர்கள் தம் உடலையே சோதனைக்கு ஒப்புக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுடைய இரத்தம், எடை, நாடித் துடிப்பு, தலைவலி, வாந்தி, சிலருடைய மரணம் வரை யாவும் குறிக்கப்பட்டுள்ளன. அந்தக் குறிப்புகள் அரசாங்கத்தின் மருந்து அதிகாரிகளிடம் சமர்ப்பிக்கப்பட்டு, அவர்கள் படித்து ஒப்பிய பின்னரே மாத்திரை நம் கைக்கு வருகிறது. நோயாளியின் படுக்கைக்கும் அதிகாரியின் மேசைக்கும் இடையே அந்தக் குறிப்புகள் செய்யும் பயணம் நெடியது. அந்தப் பயணத்தில் ஒரு கட்டத்தைக் காவல் காக்கும் பணியில்தான் நாம் பல ஆண்டுகளாக இருந்து வருகிறோம்.

எமது பணி சென்னையில் தொடங்கியது. 2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று அலுவலகங்களை மூடியபோது, அந்தப் பணி எம்மோடு மலையேறி ஏற்காட்டிற்கு வந்து சேர்ந்தது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்தால், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், சேர்வராயன் மலையின் மடியில் அமைந்திருக்கும் சிற்றூர் இது. சுற்றிலும் சில்வர் ஓக் மரங்கள். அவற்றில் படர்ந்த மிளகுக் கொடி. மரங்களின் நிழலில் காப்பிச் செடி. சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பவர் 1820களில் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. பனி இறங்கினால் எதிர் வீடு தெரியாது. மழை பிடித்தால் மின்சாரம் இராது. இத்தகைய ஊரில் உட்கார்ந்துகொண்டு, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் உள்ள அதிகாரிகள் படிக்கப் போகும் தரவுகளை நாம் சரிபார்க்கிறோம் என்றால், மலைவாழ் அன்பர்கள் சிரிக்கத்தான் செய்கிறார்கள். "கம்ப்யூட்டர் வேலையா?" என்று கேட்பார்கள். "ஆம்" என்று சொல்லி நகர்ந்துவிடுவதே எமது வழக்கம். இக்கட்டுரையில் சற்று விரிவாகச் சொல்ல முற்படுகிறோம்.

மலைக் காற்றுக்கும் மருந்துச் சோதனைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. காசநோய்க்கு மலைக் காற்றும், ஓய்வும், நல்லுணவுமே மருந்து என்று உலகம் நம்பிய காலம் ஒன்று இருந்தது. வசதி படைத்தோர் மலையேறினர். சானடோரியங்களில் மாதக் கணக்கில் படுத்திருந்தனர். ஏழைக்கு அந்த வழியில்லை. மருந்துகள் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரும், சானடோரியத்தில் சேர்க்காமல் மருந்தை மட்டும் கொடுத்தால் போதுமா என்ற ஐயம் மருத்துவர்களிடையே நீங்கவில்லை. அந்த ஐயத்தைத் தீர்த்தது நம் சென்னைப் பட்டணம்.

1956ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைச் சென்னையில் நிறுவின. இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்கிவருவது அதுவே. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அங்கு நடைபெற்ற ஆய்வில் 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு கூறாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் நெரிசல் மிக்க தம் சிறு வீடுகளிலேயே இருந்து, கிடைத்த உணவை உண்டு, மருந்தை உட்கொண்டனர். மற்றொரு பிரிவினர் சானடோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் பெற்று, அதே மருந்தை உட்கொண்டனர். ஓராண்டு முடிவில், வீட்டிலிருந்தோரில் 86 விழுக்காட்டினரும் சானடோரியத்தில் இருந்தோரில் 92 விழுக்காட்டினரும் நோய்க் கிருமி அடங்கிய நிலையை எய்தினர். சானடோரியத்தில் இருந்தோர் உடல் எடை கூடுதலாக ஏறியது உண்மை; ஆனால் நோயை வென்றதில் பெரிய வேற்றுமை இல்லை. 1959ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று. உலகெங்கும் காசநோயாளிகள் வீட்டிலிருந்தே சிகிச்சை பெறும் வழி அதனால் திறந்தது.

அந்த ஆய்வில் எம்மை மிகவும் கவர்ந்தது அதன் முடிவு மட்டுமன்று. அவர்கள் சரிபார்த்த விதமும் ஆகும். "மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்று கேட்டு, "சாப்பிட்டேன்" என்ற விடையைக் குறித்துக்கொள்வதோடு அவர்கள் நிற்கவில்லை. முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று, எஞ்சிய மருந்தை எண்ணிப் பார்த்தார்கள். சிறுநீரைச் சோதித்து, மருந்து உடலுக்குள் சென்றதா என்று அறிந்தார்கள். நோயாளியை அவமதிப்பதற்காகச் செய்ததன்று அது. தாளில் எழுதப்பட்டதும் வீட்டில் நடந்ததும் ஒன்றுதானா என்று அறிவதற்காகச் செய்தது. சரிபார்ப்பு என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் இதுவே என்று நாம் கருதுகிறோம்.

நிற்க. காலம் மாறிற்று. ஒரே மருந்தின் சோதனை இன்று பல நாடுகளில், பல மருத்துவமனைகளில் ஒரே சமயத்தில் நடைபெறுகிறது. ஒரு மருத்துவமனையில் ஆண் என்பதை ஓர் எழுத்தால் குறிப்பார்கள். இன்னொன்றில் எண் 1 என்பார்கள். ஓரிடத்தில் 03/04 என்றால் ஏப்ரல் மூன்று. மற்றோரிடத்தில் மார்ச் நான்கு. ஒவ்வொரு மருந்து நிறுவனமும் தனக்குத் தோன்றியவாறு அட்டவணை அமைத்து அனுப்பினால், அதைப் படிக்கும் அதிகாரி முதலில் அந்த நிறுவனத்தின் பாஷையைக் கற்க வேண்டும். பிறகுதான் மருந்தின் குணத்தை ஆராய வேண்டும். இந்த வீண் சிரமத்தைப் போக்குவதற்காக 1997ஆம் ஆண்டில் தன்னார்வலர் சிலர் கூடி உருவாக்கிய அமைப்பு 'சிடிஸ்க்' என்று அழைக்கப்படுகிறது. அவர்கள் வகுத்த பொது நியதியை 'எஸ்.டி.டி.எம்.' என்பர். நோயாளியின் வயது, பாலினம் முதலியன ஓர் அட்டவணையில்; உட்கொண்ட மருந்தின் அளவு ஓர் அட்டவணையில்; ஆய்வுக்கூட முடிவுகள் ஒன்றில்; நேர்ந்த கோளாறுகள் ஒன்றில் என்று, யார் நடத்திய ஆய்வாயினும் ஒரே அமைப்பு, ஒரே தலைப்புகள், ஒரே சொற்கள். தேதி என்றால் முதலில் ஆண்டு, பிறகு மாதம், பிறகு நாள்.

2016ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாளுக்குப் பின் தொடங்கும் ஆய்வுகளை இந்த நியதியின்படியே தர வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விதித்தது. ஜப்பானும் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அவ்வாறே வலியுறுத்திற்று. 2021 செப்டம்பர் 15 முதல் அமெரிக்க அதிகாரிகள் வாசலிலேயே ஒரு காவலை வைத்துவிட்டார்கள். ஆய்வு தொடங்கிய தேதியைக் கூறும் அட்டவணை, நோயாளிகளின் அடிப்படை அட்டவணை, தரவுகளை விளக்கும் கோப்பு ஆகிய இன்றியமையாத சில இல்லையெனில், விண்ணப்பத்தைப் படிக்காமலேயே திருப்பி அனுப்பலாம். இத்தகைய பணியின் கணிசமான பகுதியைச் சென்னை, பெங்களூர், ஐதராபாத் நகரங்களில் உள்ள நம் பிள்ளைகளே செய்து வருகிறார்கள். நம் குடும்பங்களில் புள்ளியியலோ, மருந்தியலோ, உயிர்வேதியியலோ படித்த பெண்மக்கள் பலர் இதில் ஈடுபட்டிருப்பது மகிழ்ச்சிக்குரியது.

தரவுகள் நியதிப்படி உள்ளனவா என்று பார்ப்பதற்கு மென்பொருள்கள் உள்ளன. 'பின்னக்கிள் 21' என்பது அவற்றுள் பெயர் பெற்றது. கோப்புகளை அதனிடம் கொடுத்தால், நூற்றுக்கணக்கான விதிகளை ஒவ்வொரு வரியின் மீதும் ஓட்டிப் பார்த்து, பிழை என்றும் எச்சரிக்கை என்றும் செய்திகளை அடுக்கித் தந்துவிடும். முதன்முதலாக அந்தப் பட்டியலைக் காணும் இளைஞர்கள் அஞ்சிவிடுவார்கள். ஆயிரம் செய்திகள் வந்திருக்கும். சேலத்தில் பட்டம் பெற்று எமது குழுவிலேயே பணியில் சேர்ந்த எமது சகோதரியின் மகள், மழைக்காலம் ஒன்றில் எம்முடன் தங்கி வேலை பழகினாள். முதல் நாள் அவள் முகம் வாடிவிட்டது.

"மாமா, இதைத் தீர்க்க ஒரு வருஷம் வேண்டுமே" என்றாள்.

"வரி வரியாகப் பார்த்தால் ஒரு வருஷம் போதாதம்மா. வகை வகையாகப் பார்" என்றோம்.

ஆயிரம் செய்திகளுக்கு ஆயிரம் காரணங்கள் இருப்பதில்லை. ஐந்தாறு காரணங்களே இருக்கும். உதாரணத்திற்கு, அனுமதிக்கப்பட்ட சொற்களின் பட்டியல் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்க் கழகத்தால் பராமரிக்கப்படுகிறது. அவ்வப்போது புதுப்பிக்கப்படுகிறது. ஆய்வுக்குரிய பதிப்பு ஒன்றாகவும், மென்பொருளில் தேர்ந்த பதிப்பு வேறாகவும் இருந்தால், சரியான சொல்லையும் அது பிழை என்று கூறும். பதிப்பைத் திருத்தினால் ஒரே நொடியில் நூறு செய்திகள் மறையும். அலகைக் குறிக்கையில் பெரிய எழுத்து வரவேண்டிய இடத்தில் சிறிய எழுத்து வந்தால், ஆய்வுக்கூட அட்டவணை முழுதும் செய்தி மயமாகும். மாற்ற வேண்டியது ஒரே வரி நிரலைத்தான். அடிப்படை அட்டவணையில் ஒரு நோயாளி விடுபட்டால், மற்ற எல்லா அட்டவணைகளும் "இவர் யார்?" என்று கேட்கும். ஆகவே அடிப்படை அட்டவணையை முதலில் செப்பனிட வேண்டும்; மற்றவற்றைப் பிறகு தொட வேண்டும். கோப்பின் பழைய அமைப்புக் காரணமாக, தலைப்பின் பெயர் எட்டு எழுத்துக்கு மேலும் விளக்கம் நாற்பது எழுத்துக்கு மேலும் போகலாகாது என்பன போன்ற சிறு விதிகளும் உண்டு. இவையெல்லாம் உருவம் பற்றிய பிழைகள். உழைப்பால் தீர்பவை.

உருவம் தீர்ந்த பின் எஞ்சுவனவே சோதனையானவை. அவற்றை மூன்று வகையாகப் பிரிக்குமாறு அவளுக்குக் கற்பித்தோம்.

முதலாவது, நாமே உண்டாக்கிய பிழை. இறந்துபோன நோயாளி ஒருவருக்கு, இறந்த நாளுக்கு இரண்டு நாள் கழித்து இரத்தப் பரிசோதனை நடந்ததாக அட்டவணை கூறுகிறது. இறந்தவரிடம் எப்படி இரத்தம் எடுத்தார்கள்? மூல ஏட்டைப் பார்த்தால், இரத்தம் எடுத்தது இறப்பதற்கு முன்னர். ஆய்வுக்கூடம் முடிவை அறிவித்ததே பின்னர். எடுத்த தேதியை இட வேண்டிய கட்டத்தில் அறிவித்த தேதியை நிரல் கொண்டுபோய் வைத்திருக்கிறது. இங்கே திருத்த வேண்டியது நிரலை.

இரண்டாவது, மருத்துவமனையில் நேர்ந்த பிழை. ஆண் என்று குறிக்கப்பட்டவருக்குக் கர்ப்பப் பரிசோதனை நடந்திருக்கிறது. பாலினம் தவறா, இரத்தக் குப்பியில் ஒட்டிய சீட்டு தவறா என்பதை நம் மேசையிலிருந்து நாம் தீர்மானிக்க முடியாது, தீர்மானிக்கவும் கூடாது. மருத்துவமனைக்கு முறைப்படி வினா அனுப்பி, அங்குள்ளோர் மூல ஏட்டைப் பார்த்துத் திருத்தினால்தான் திருத்தம். யார், எப்பொழுது, ஏன் மாற்றினார் என்ற சுவடும் அதில் நிற்க வேண்டும்.

மூன்றாவது வகை பிழையே அன்று. குலுக்கலில் மருந்துப் பிரிவுக்குத் தேர்வானவர் ஒருவர். ஆனால் அவர் மருந்து உட்கொண்டதாக ஒரு வரிகூட இல்லை. மென்பொருள் எச்சரிக்கிறது. விசாரித்தால், அவர் முதல் மாத்திரையை வாங்குமுன்னரே மனம் மாறி வீட்டுக்குப் போய்விட்டார் என்று தெரிகிறது. அதுதான் நடந்தது. நடந்ததை மாற்றுவதற்கு நமக்கு அதிகாரமில்லை. செய்தியை அப்படியே விட்டு, 'மதிப்பாய்வாளர் வழிகாட்டி' என்ற துணை ஏட்டில், இன்ன விதி இன்ன காரணத்தால் இங்கே ஒலிக்கிறது என்று இரண்டு வரி எழுதிவிட வேண்டும். அதிகாரிகள் செய்தியே இல்லாத தரவைக் கேட்கவில்லை. இருக்கும் செய்திக்கு நேர்மையான விளக்கத்தையே கேட்கிறார்கள்.

இதைச் சொல்லிக் கொடுப்பது எளிது. கடைப்பிடிக்கும் வேளை வரும்போதுதான் கடினம் தெரியும். அத்தகைய வேளை அந்த மழைக்காலத்திலேயே வந்தது. நிறுவனத்தின் பெயரையோ மருந்தின் பெயரையோ இங்கே கூறுவதற்கில்லை. தேதிகளையும் மாற்றியே எழுதுகிறோம்.

சமர்ப்பிக்கும் நாள் நெருங்கிவிட்டது. பட்டியலில் எஞ்சியிருந்தது ஒரே ஒரு செய்தி. ஒரு மூதாட்டியின் தலைசுற்றல், தொடங்கிய நாளுக்கு முன்னரே முடிந்துவிட்டதாக அட்டவணை கூறியது. தொடங்கியது ஜூன் 15. முடிந்தது ஜூன் 11. "இந்த ஒன்றையும் முடித்துவிட்டால் பட்டியல் சுத்தம், இன்றிரவே அனுப்பிவிடலாம்" என்று மேலிடத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். தொடக்கத்தை ஜூன் 1 என்று மாற்றிவிடலாம் என்ற யோசனையும் அங்கிருந்தே வந்தது. கெட்ட எண்ணத்தால் எழுந்த யோசனையன்று அது. களைப்பும் அவசரமும் சேர்ந்தால் எழக் கூடியதே.

"மாமா, ஒன்று என்று போட்டால் செய்தி போய்விடுமே! ஒரு தலைசுற்றல்தானே?" என்று மருமகளும் கேட்டாள்.

மூல ஏட்டின் பிரதியை எடுக்கச் சொன்னோம். அதில் மருத்துவர் எழுதியிருந்தது: "ஜூன் மாதம், நாள் நினைவில்லை." அவ்வளவே. அப்படியானால் 15 என்ற எண் எங்கிருந்து வந்தது? பழைய நிரல் ஒன்று, நாள் தெரியாத இடங்களில் மாதத்தின் நடுநாளைத் தானே நிரப்பியிருந்தது. மூதாட்டி சொல்லாத ஒன்றை அவர் பெயரால் அது சொல்லிவிட்டது.

அடுத்து, மருந்து உட்கொண்ட அட்டவணையைத் திறக்கச் சொன்னோம். அவர் முதல் மாத்திரையை உண்டது ஜூன் 9.

மருமகள் சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஒன்று என்று போட்டால், மருந்துக்கு முன்னாலேயே தலைசுற்றல் இருந்தது என்று ஆகிவிடும். பத்து என்று போட்டால் மருந்தால் வந்தது என்று ஆகிவிடும்."

ஆம். மருந்து குற்றவாளியா நிரபராதியா என்பதை, யாரும் அறியாத ஒரு நாளை நிரப்பும் விரல் தீர்மானித்துவிடும். ஒரு தலைசுற்றல்தான். ஆயினும் வயது முதிர்ந்த ஒருவர் குளியலறையில் தலை சுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடப்பதைக் காணாத குடும்பம் நம்மில் எது?

செய்ய வேண்டியது எளிமையானதாக இருந்தது. நிரப்பிய நாளை அகற்றி, ஆண்டும் மாதமும் மட்டும் உள்ளவாறே விட்டோம். தெரிந்த அளவோடு தேதியை நிறுத்திக்கொள்ள நியதியே இடம் தருகிறது. தெரியாத நாள் கணக்கிடுவதற்குத் தேவையானால், அதற்குரிய இடம் மூலத் தரவு அன்று, பகுப்பாய்வுத் தரவு. அங்கே, ஆய்வுத் திட்டத்தில் முன்கூட்டியே எழுதிவைத்த முறைப்படி, ஐயத்தின் பாரத்தை மருந்தின் மீதே ஏற்றி, இந்த நாள் நிரப்பப்பட்டது என்பதற்கு அடையாளக் கொடியும் நாட்டிவிட வேண்டும். படிப்பவர் ஏமாறமாட்டார்.

ஆனால் விஷயம் அத்தோடு முடியவில்லை. அந்தப் பழைய நிரல் மூதாட்டி ஒருவரின் தேதியை மட்டுமா நிரப்பியிருக்கும்? தேடிப் பார்த்தால், வேறு பல நோயாளிகளின் தேதிகளிலும் அதே 15 உட்கார்ந்திருந்தது. அவர்கள் விஷயத்தில் முடிவு நாள் 15க்குப் பிந்தியதாக இருந்தபடியால் முரண்பாடு எழவில்லை. மென்பொருளும் வாய் திறக்கவில்லை. அன்றிரவு மின்சாரம் போய்ப் போய் வந்தது. சமர்ப்பிப்பு சில நாட்கள் தள்ளிப்போயிற்று, சிலருக்கு வருத்தம். ஆனால் அந்த ஒரு செய்தியை ஓர் எண்ணால் வாயடைத்திருந்தால், மற்றவை என்றென்றும் மௌனமாகவே கிடந்திருக்கும். செய்தி என்பது நம்மைத் தொல்லைப்படுத்த வந்த பகையன்று; இருட்டில் கிடக்கும் வேறொன்றைக் காட்டித் தரும் நூலிழை என்பதை மருமகள் அன்று கண்டுகொண்டாள்.

இம்மலையில் காப்பித் தொழிலை அறிந்தவர்களுக்கு இது புதுமையாக இராது. காய்ந்த கொட்டையைச் சல்லடையில் இட்டு அளவு பிரிப்பார்கள். சல்லடை அளவைத்தான் அறியும். கறுத்துக் கெட்ட கொட்டையும் அளவில் பொருந்தினால் நல்லதோடு நல்லதாக விழும். அதைப் பொறுக்கி எடுக்கப் பெண்களின் கண்ணும் விரலும் வேண்டும். மறுபுறம், ஒரு பழத்தில் இரண்டு தட்டைக் கொட்டைக்குப் பதிலாக ஒற்றை உருண்டைக் கொட்டை விளைவதுண்டு. 'பீபெரி' என்பார்கள். வடிவில் அது மாறுபட்டது, ஆனால் கெட்டதன்று. அதைத் தனியே பிரித்து, தனிப் பெயரிட்டு விற்பார்களேயன்றி, எவரும் வீசி எறிவதில்லை. தட்டி நசுக்கித் தட்டையாக்குவதும் இல்லை. மருந்து உண்ணாமல் வீட்டுக்குப் போனவர் எமது அட்டவணையில் ஒரு பீபெரி.

கறுத்த கொட்டை சல்லடையைக் கடந்த கதையும் நம் நாட்டில் உண்டு. 2014ஆம் ஆண்டில் பிரெஞ்சு அதிகாரிகள் ஐதராபாத்தில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனத்திற்கு நேரில் வந்து, மூல ஏடுகளைப் புரட்டினர். தன்னார்வலர்களின் இதயத் துடிப்பு வரைபடங்களில் கையாடல் நிகழ்ந்திருப்பதைக் கண்டனர். அதன் விளைவாக, 2015 ஜனவரியில் ஐரோப்பிய மருந்து முகமை, அந்த ஆய்வுகளை நம்பி அனுமதிக்கப்பட்டிருந்த ஏறத்தாழ 700 மருந்து வகைகளையும் அளவுகளையும் நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. அம்மருந்துகளால் தீங்கு நேர்ந்ததற்குச் சான்று இல்லை என்றும் அம்முகமை கூறிற்று. ஆயினும் நம்பிக்கை உடைந்தது உடைந்ததே. அங்கே தாளில் எண்கள் இருந்தன, தேதிகள் இருந்தன, கையொப்பங்கள் இருந்தன; உருவத்தில் குறையில்லை. மூல ஏட்டின் முன் உட்கார்ந்த மனிதக் கண்ணே குறையைக் கண்டது.

எனவே இத்துறைக்கு வரும் இளைஞர்களுக்கு நாம் கூற விரும்புவது ஒன்றே. மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள், விதிகளை மனனம் செய்யுங்கள், அவை வேண்டும். ஆனால் செய்திகளின் எண்ணிக்கை பூஜ்யமாவதை உங்கள் வெற்றி என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு செய்தியையும் நோயாளியின் படுக்கையருகே எழுதப்பட்ட முதல் எழுத்து வரை கொண்டுபோய்ப் பாருங்கள். அங்கே என்ன இருக்கிறதோ அதுவே தரவு. நமக்கு அவர்களின் பெயர் தெரியாது; ஊர் தெரியாது; முகம் தெரியாது. ஓர் எண்தான் தெரியும். பெயரற்றவராக நம்மிடம் வந்து சேர்ந்திருக்கும் அம்மனிதர் கூறாத வார்த்தையை அவர் வாயில் திணிக்காமல் இருப்பதே நாம் அவருக்குச் செய்யும் மரியாதை.

குடும்பத்தினருக்கும் ஒரு வார்த்தை. உங்களையோ உங்கள் பெற்றோரையோ மருந்துச் சோதனை ஆய்வு ஒன்றில் சேரும்படி மருத்துவர் கேட்கக்கூடும். அஞ்ச வேண்டியதில்லை, கண்மூடி ஒப்புக்கொள்ளவும் வேண்டியதில்லை. நம் நாட்டில் 2009 ஜூன் 15 முதல் இத்தகைய ஆய்வுகளை, நோயாளிகளைச் சேர்க்குமுன்னரே பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்ற கட்டாயம் வந்துவிட்டது. பதிவு எண்ணைக் கேளுங்கள். ஒப்புதல் படிவத்தை உங்கள் மொழியிலேயே கேட்டுப் பெற்று, வீட்டில் எல்லோரும் கூடிப் படியுங்கள். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள், ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் பெற உங்களுக்கு உரிமை அளித்துள்ளன.

சேர்ந்த பின், கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். மாத்திரையை உண்ண மறந்திருந்தால் மறந்ததாகச் சொல்லுங்கள். டாக்டர் வருந்துவாரே என்று மறைக்க வேண்டாம். தலைசுற்றல் எந்த நாளில் தொடங்கியது என்று நினைவில்லையெனில், நினைவில்லை என்றே சொல்லிவிடுங்கள். அந்த வெற்றிடத்தை வெற்றிடமாகவே பாதுகாத்து அதிகாரியின் மேசை வரை கொண்டு சேர்ப்பது எம் போன்றோரின் கடமை.